துளையிட்ட அட்டை கடந்து வந்த தூரம்

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும், காஞ்சிபுரம் ஆட்சியரின் எல்லைக்குள் இரண்டு தொழில்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நடந்துவந்தன. மாவட்டத் தலைநகரில், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பட்டுத்தறி. கிழக்கே கடலோரப் பக்கம் போனால் சிறுசேரி சிப்காட்டில் மென்பொருள் நிறுவனங்கள். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முப்பது நாற்பது வருடமாக ஓட்டிவரும் பழைய நிரல்களைப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றிக் கொடுப்பது அங்கே அன்றாட வேலைகளில் ஒன்று. நெசவாளர் வீட்டுப் பிள்ளை சிறுசேரிக்கு வேலைக்குப் போனால் குலத்தொழிலை விட்டுவிட்டதாக ஊர் பேசும். வம்சாவளியைத் தேடிப் போனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டு தொழிலுக்கும் பாட்டன் ஒருவன்தான்: வரிசை வரிசையாகத் துளை போட்ட ஓர் அட்டை.

காஞ்சித் தறியை நேரில் பார்த்தவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள். நெசவாளர் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து மாலைபோலத் தொங்கும் அட்டைகள். மிதி அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் அட்டை நகர்ந்து அடுத்தது வரும். கரையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் அந்தத் துளைகள் சொல்கிறபடிதான்.

அட்டை வருவதற்கு முன் இங்கே அடை இருந்தது. தாழம்பூ ரேக்கோ ருத்ராட்சமோ, எது வேண்டுமோ அதற்கு எந்தப் பாவு நூல் எந்த ஊடைக்கு மேலே எழ வேண்டும் என்பதை முன்கூட்டியே நூலில் முடிந்து தறியோடு கட்டிவைப்பார்கள். உதவியாள் ஒருவர் வரிசை தவறாமல் அந்த நூல்களை இழுத்துக் கொடுக்க, நெசவாளர் ஊடை போடுவார். புதிய கோலம் என்றால் புதிய அடை கட்ட வேண்டும். அதற்குத் தேர்ந்த கைகள் ஊரில் சில பேரிடமே இருந்தன. காசியில் நக்‌ஷா கட்டுகிறவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதே வேலை. சீனத்துப் பட்டுத்தறிகளில் உச்சியில் ஏறி உட்கார்ந்து ஓர் ஆள் கயிறு இழுத்ததும் இதற்காகத்தான்.

முடிச்சில் தகவலைச் சேர்த்துவைக்கும் முறையைப் பழசு என்று தள்ளிவிட வேண்டாம். 1960களில் அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கான நிரலை, அமெரிக்காவில் வால்தம் ஊர்த் தொழிற்சாலையில் பெண்கள் கையால் கோத்தார்கள். சின்னச் சின்னக் காந்த வளையங்கள். கம்பி வளையத்துக்குள்ளே புகுந்தால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். நிலவுக்குப் போன நிரலும் ஒருவகை அடைதான்.

அட்டையின் சொந்த ஊர் பிரான்சு நாட்டின் லியோன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பட்டு நகரம் அது. அங்கேயும் கயிறு இழுக்க ஆள் வேண்டியிருந்தது. பெரும்பாலும் சிறுவர்கள், பெண்கள். நாள் முழுவதும் இழுப்பு, கை தவறினால் பட்டு வீண். 1725இல் பாசில் பூஷோன் என்பவர் ஒரு காகிதச் சுருளில் துளை போட்டு, எந்தக் கயிற்றை இழுப்பது என்பதை அந்தத் துளைகளே தேர்ந்தெடுக்கும்படி செய்தார். அவருடைய தந்தை இசைக்கருவி செய்பவர். உருளையில் ஆணி அடித்து, அது சுழலச் சுழலப் பாட்டு வரவைக்கும் வித்தை அந்த வீட்டில் புழங்கியது. பாட்டுக்கு உருளை என்றால் பட்டுக்கு ஏன் கூடாது என்று தோன்றியிருக்கிறது. 1728இல் பால்கோன் என்பவர், கிழிகிற காகிதத்தை விட்டுவிட்டு அட்டைகளைக் கோத்துப் பார்த்தார். 1745இல் வோகான்சோன் என்ற விசித்திரமான பொறியாளர், இரை தின்று எச்சமிடும் இயந்திர வாத்து செய்து பாரிஸை வாயடைக்க வைத்தவர், ஆளே இல்லாமல் கோலம் நெய்யும் தறி ஒன்றைக் கட்டினார். யாரும் அதை வாங்கவில்லை. அது பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய் முடங்கியது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதைத் தூசி தட்டிப் பார்த்தவர்தான் லியோன் நெசவாளர் மகன் ஜோசப் மரி ஜக்கார்டு. பூஷோனின் துளை, பால்கோனின் அட்டை, வோகான்சோனின் மேல்பெட்டி மூன்றையும் சேர்த்து 1804இல் தன் இயந்திரத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டு லியோனுக்கு வந்த நெப்போலியன் அதைப் பார்த்தார். உரிமை நகரத்துக்குச் சொந்தமாயிற்று, ஜக்கார்டுக்கு ஆயுள் ஓய்வூதியம் கிடைத்தது. பிழைப்புப் போய்விடும் என்று நெசவாளர்கள் கொதித்தார்கள். இன்னொரு சேதி வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஜக்கார்டின் இயந்திரம் முதலில் சரியாக ஓடவில்லை. அதன் கோளாறுகளை நீக்கி, 1817 வாக்கில் நம்பி வாங்கக்கூடியதாக ஆக்கியவர் பிரெத்தோன் என்ற கைத்தொழிலாளர். பெயர் மட்டும் ஜக்கார்டுக்கே நிலைத்துவிட்டது.

இந்த இயந்திரத்தின் பெரிய சாதனையாகப் பலரும் வேகத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதுவரை கோலம் தறியோடு கட்டப்பட்டிருந்தது. இப்போது தறியைத் தொடாமலே கோலத்தை மாற்றலாம். அட்டைக் கட்டைக் கழற்றி அடுத்த தெருவுக்கு அனுப்பினால் அங்கேயும் அதே மயில் ஆடும். வன்பொருள் ஓரிடம், மென்பொருள் ஓரிடம் என்ற பிரிவினை பட்டுத்தறியிலேயே முழுசாக நடந்துவிட்டது.

தெரு தாண்டிப் போகக்கூடியது கடல் தாண்டியும் போகும், திருட்டும் போகும். 1820களில் இங்கிலாந்தின் பட்டு முதலாளிகள் பிரெஞ்சு இயந்திரத்தை எப்படியோ கொண்டுவந்து நகல் எடுத்தார்கள். ஜப்பான் கதை இதைவிட உருக்கமானது. கியோத்தோவின் நிஷிஜின் பகுதி, நம் பிள்ளையார்பாளையத்தைப் போலவே, தெருவெல்லாம் பட்டுத்தறி ஓடும் இடம். தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட்டதால் அரண்மனை வியாபாரம் படுத்துவிட, 1872இல் மூன்று பேரை லியோனுக்கு அனுப்பினார்கள். இருவர் இயந்திரத்தோடு திரும்பினார்கள். மூன்றாமவரான யோஷிதா சூஷிச்சி இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வரலாமென்று தங்கி, 1874இல் திரும்பும் வழியில், ஜப்பான் கரை தொடுவதற்குச் சற்று முன் கப்பல் உடைந்து இறந்தார். வந்து சேர்ந்த இரும்பு இயந்திரத்தைப் பார்த்து, அரக்கி கொஹெய் என்ற உள்ளூர்க் கைவினைஞர் மரத்திலேயே அதுபோல் ஒன்று செய்துவிட்டார். அந்த மர நகல்தான் நிஷிஜின் வீடுகளுக்குள் நுழைந்தது.

காஞ்சிக்கு ஜக்கார்டு வந்தது இருபதாம் நூற்றாண்டில். அடை ஒரே நாளில் போய்விடவில்லை. இரண்டும் வெகுகாலம் அருகருகே இருந்தன. ஆனால் அட்டை வந்தபின் புதிய வேலைகளும் பிறந்தன. கட்டம் போட்ட தாளில் கோலத்தைப் புள்ளி புள்ளியாக எழுதுகிறவர் ஒருவர். அதைப் பார்த்து அட்டை குத்துகிறவர் இன்னொருவர். 120 கொக்கி, 240 கொக்கி என்று பெட்டிக்கு அளவு. ஒரு கொக்கிக்கு ஓர் இடம், அந்த இடத்தில் துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. முந்தியில் கோபுரம் வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் அட்டை.

அட்டைகள் எதையெல்லாம் செய்யக்கூடும் என்று உலகுக்குக் காட்டியது ஒரு பட்டுப்படம். 1839இல் லியோனில் கார்க்கியா என்ற நெசவாளர், ஜக்கார்டின் உருவத்தை 24,000 அட்டைகளைக் கொண்டு நெய்தார். பார்க்கிறவர்கள் அதை அச்சுப்படம் என்றே நினைத்தார்கள். அதில் ஒரு பிரதி லண்டனில் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜிடம் போய்ச் சேர்ந்தது. தான் வடிவமைத்துவந்த பகுப்பாய்வுப் பொறி என்ற கணக்கு இயந்திரத்துக்கு எண்களையும் கட்டளைகளையும் அட்டை மூலமாகவே ஊட்டுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டுவார். அவருடைய தோழி ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதிய குறிப்புகளில் தறியையும் கணக்குப் பொறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். பொறி முடிக்கப்படவே இல்லை.

அட்டை தறியை விட்டு வெளியே வந்து சம்பாதிக்கத் தொடங்கியது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். 1880இல் எடுத்த கணக்கைத் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த கணக்கெடுப்பே வந்துவிடும்போல இருந்தது. ஹெர்மன் ஹாலரித் என்ற இளம் பொறியாளர் வழி தேடினார். அவருடைய மைத்துனர் ஒருவர் பட்டு நெசவுத் தொழிலில் இருந்தவர். அதனால் ஜக்கார்டு அட்டை ஹாலரித்துக்குப் புதிதில்லை. ஆனால் பொறி தட்டியது ரயிலில். அந்தக் காலத்தில் டிக்கெட் பரிசோதகர், ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பயன்படுத்திவிடாமல் இருக்க, பயணியின் அடையாளத்தை டிக்கெட்டிலேயே துளையாகப் போடுவார்: முடி வெளுப்பா, கண் கறுப்பா, மூக்கு பெரிதா. ஒரு மனிதனைத் துளைகளாக எழுதிவிடலாம் என்று ஹாலரித்துக்கு அங்கே விளங்கியது. 1890 கணக்கெடுப்பில் ஒவ்வொரு அமெரிக்கருக்கும் ஓர் அட்டை குத்தப்பட்டது. துளை வழியே ஊசி இறங்கினால் மின்சாரம் பாய்ந்து கணக்குமுள் ஒரு படி நகரும்.

ஹாலரித்தின் கம்பெனி 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நகலெடுத்தவர்களும் சும்மா இல்லை. ஜேம்ஸ் பவர்ஸ் என்பவர் போட்டி இயந்திரம் செய்தார். அந்தக் கம்பெனி பிறகு ரெமிங்டன் ராண்டிடம் போனது. ஓர் அட்டையில் யார் அதிகம் எழுத முடியும் என்று பந்தயம். 45 பத்திகள் இருந்த இடத்தில் ஐபிஎம் 1928இல் வட்டத் துளையை ஒடுக்கமான நீள்துளையாக்கி 80 பத்திகளை அடைத்தது. இந்த 80 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் காட்டிலும் அட்டை விற்பனையில் லாபம் சுகமாக வந்தது. எங்கள் இயந்திரத்தில் எங்கள் அட்டையைத்தான் போட வேண்டும் என்று ஐபிஎம் வைத்திருந்த நிபந்தனையை 1936இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

இந்தியாவின் முதல் கணினி 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. அனுப்பியது, பிரிட்டனில் ஹாலரித் இயந்திரங்களை விற்றுவந்த கம்பெனி. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகமும் ரயில்வேயும் ஐபிஎம் 1401 கணினிகளைக் கொண்டுவந்தன. வேலை போய்விடும் என்று கல்கத்தாவில் காப்பீட்டு ஊழியர்கள் கணினியை எதிர்த்து நின்றார்கள். லியோன் நெசவாளர்களின் அதே அச்சம், அதே நியாயம். சென்னையில் 1973இல் ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370 வந்தது. மாணவர்கள் அட்டைக் கட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றார்கள். கட்டு நழுவிச் சிதறினால் நிரலே குலைந்துபோகும். ஒரு கட்டளைக்கு ஓர் அட்டை. காஞ்சியில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

பிறகு ஒரு திருப்பம். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்குகளை இந்தியர்களுக்கு விற்க மனமில்லாமல் 1978இல் ஐபிஎம் நாட்டை விட்டே போயிற்று. விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சியின் தலையில் விழுந்தது. பழுது பார்த்துப் பார்த்தே தேர்ந்த அந்தப் பொறியாளர்களிடம்தான் ரயில்வே தன் முன்பதிவு வேலையைக் கொடுத்தது. டிக்கெட் துளையைப் பார்த்து ஹாலரித் கற்றுக்கொண்டதை, நூறு ஆண்டு கழித்து ரயில்வே திரும்ப வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

முன்பதிவு அதுவரை பேரேட்டில் நடந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் தனிக் கவுண்டர், தனி ஏடு. பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு நின்றவர் அந்த வரிசையிலேயே வேறொரு ரயிலுக்குக் கேட்க முடியாது. 1985இல் டெல்லியில் சிஎம்சி செய்த இம்ப்ரஸ் என்ற அமைப்பு இதை மாற்றியது. பின்னர் அது சென்னை உள்ளிட்ட மற்றப் பெருநகரங்களுக்கும் வந்தது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். ஆனால் ஒவ்வொரு நகரத்துக் கணினியும் தனித் தீவு. சென்னையில் நின்றுகொண்டு, டெல்லிக் கணினியில் இருக்கும் திரும்பும் பயணத்துக்கு டிக்கெட் எடுக்க முடியாது.

அடுத்த மாற்றம்தான் மென்பொருள்காரர்கள் கிளையன்ட் சர்வர் என்று சொல்லும் ஏற்பாடு. கவுண்டரில் இருக்கும் திரை கேட்கும். தூரத்துக் கணினி பதில் சொல்லும். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே ஒரு பொது மொழி இருக்கும். ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் இந்த முறையில் கான்சர்ட் என்ற புதிய அமைப்பை எழுதி, 1994இல் செகந்திராபாத்தில் ஓட்டிப் பார்த்தது. 1999க்குள் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 2002இல் ஐஆர்சிடிசி இணையதளம் வந்தபோது பின்னால் இருந்த கான்சர்ட்டை யாரும் இடிக்கவில்லை. கேட்கிற திரைகளோடு உலாவியையும் ஒரு திரையாகச் சேர்த்தார்கள். பிறகு கைபேசிச் செயலியும் சேர்ந்தது. பெரிய அமைப்பைப் புதுப்பிப்பதற்கு இதுவே சரியான வழி என்பது என் கருத்து. அத்தனையையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து எழுதுவது கேட்க வீரமாக இருக்கும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் நாளைக்கும் ரயில் ஏற வேண்டுமே.

பழையதை வைத்துக்கொண்டே புதுப்பித்தால் பழையதன் தழும்பும் கூடவே வரும். அட்டை மறைந்த பிறகும் 80 மறையவில்லை. 1971இல் ஐபிஎம் கொண்டுவந்த திரைகளில் ஒரு வரிக்கு 80 எழுத்து. அதற்குப் பிறகு வந்த மற்றவர்களின் திரைகளிலும் 80. இன்றைக்குப் பைத்தான் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படும் நடைவிதி, வரிக்கு 79 எழுத்துக்குள் நிற்கச் சொல்கிறது. அட்டையில் இடம் போதாமல் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கிய சிக்கனம்தான் 1999இல் உலகத்தைப் பயமுறுத்திய ஒய்டூகே. அந்தப் பயம் சென்னைக்கு வாழ்வு கொடுத்தது. 1994இல் இங்கே தொடங்கிய காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள், எங்கோ அமெரிக்க வங்கிக்காரர் கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிவைத்த நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தின. பழைய நிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று பெயர் வந்ததும் அடுத்த வேலைகளும் வந்தன. பழைய திரையில் எந்த வரியில் எந்தப் பத்தியில் வாடிக்கையாளரின் இருப்பு நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதை எடுத்து இணையப் பக்கத்தில் காட்டுகிற வேலையை இன்றும் பழைய மகாபலிபுரம் சாலையில் யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள். ரயில் முன்பதிவு எழுதிய சிஎம்சியை 2001இல் டாடா வாங்கியது; பிறகு அது டிசிஎஸ்ஸோடு இணைந்தது. டிசிஎஸ்ஸின் பெரிய வளாகங்களில் ஒன்று அதே சிறுசேரியில்.

துளையிட்ட அட்டைக்கு இருந்த மரியாதை 2000இல் அமெரிக்கத் தேர்தலில் கெட்டது. புளோரிடாவில் வாக்குச்சீட்டு அட்டைகளில் துளை முழுசாக விழாமல் ஒட்டிக்கொண்டு நின்ற துணுக்குகளை அதிகாரிகள் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். 537 வாக்கு வித்தியாசத்தில் ஒரு குடியரசுத் தலைவர் முடிவானார்.

தறிக்கு வருவோம். கணினிக்குக் கற்றுக்கொடுத்த தறி, 1983இல் கணினியிடமே பாடம் கேட்டது. பிரிட்டனின் போனாஸ் நிறுவனம் அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டைக் கொண்டுவந்தது. கொக்கிகளைத் தேர்ந்தெடுப்பது மின்காந்தம், கோலம் இருப்பது கோப்பில். காஞ்சியில் நெசவாளர் சேவை மையத்திலும் தனியார் கூடங்களிலும் கட்டத்தாளின் இடத்தைக் கணினித் திரை பிடித்தது. திரையில் வரைந்ததை இயந்திரம் அட்டையில் குத்தித் தரும். மின்னணுப் பெட்டி வைத்தவருக்கு அட்டையும் வேண்டாம். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன், டிஜிபுனாய் என்ற நெசவு வடிவமைப்பு மென்பொருளைத் திறந்த மூலமாகவே வெளியிட்டிருக்கிறது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத சின்னத் தறிக்காரருக்கு அது பெரிய உதவி. முன்பு வாரக்கணக்கில் ஆன கோல மாற்றம் இப்போது நாள் கணக்கில் முடிகிறது.

கோப்பாகிவிட்ட கோலம் எங்கும் போகும். காஞ்சியின் இருதலைப்பட்சி நாளைக்கே வேறோர் ஊர் விசைத்தறியில் ஓடி, காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கப்படலாம். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் 2005இல் கிடைத்த புவிசார் குறியீடும் இதைத் தடுக்கத்தான். சட்டத்தைவிட உறுதியாகத் தடுப்பது கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம்; இரண்டு ஊடைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓடும். துளைக்குத் தெரிவது எந்த நூலைத் தூக்குவது என்பது மட்டும். இரண்டு ஊடைகளைக் கோப்பது கையின் வேலை. வழக்கமான விசைத்தறிக்கு அது வருவதில்லை.

கோர்வைக்கு ஒரு துணைக்கை வேண்டும். ஜக்கார்டு வந்து கயிறு இழுத்த பிள்ளையை விடுவித்தது. கோர்வை அதே பிள்ளையைப் பக்க நாடா போட உட்காரவைத்தது. இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் முனைந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. அவர்கள் எழுந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் நெசவாளரின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். கூலி பேசுவது சேலைக்கு. வெளியாள் துணைக்கு வந்தால் நெசவாளர் தன் கூலியிலிருந்து ஒரு பங்கு கொடுப்பார். வீட்டுப் பெண் என்றால் அந்தப் பங்கு எந்தக் கணக்கிலும் ஏறாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கும் கணினிக்கு வந்தாயிற்று. அந்த மென்பொருளை அடுத்து யார் புதுப்பித்தாலும், நெசவாளர் பெயர் இருக்கும் வரிசையில் பக்க நாடா போட்டவரின் பெயருக்கும் கூலிக்கும் ஒரு பத்தி திறக்க வேண்டும்.